சீல் வைத்த ஐந்து கால் ஆடு

எங்கள் கம்பெனியில் ஐந்து கால் ஆட்டை முதலில் பார்த்தவன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆம்பூர் பக்கம் தோல் பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வயது இருபத்தேழு. பத்தாவதில் கணக்கும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டோம். நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போய் எட்டு வருஷம் ஆகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பசங்களுக்கு உன் அனுபவத்தை எழுதிக் கொடு என்று ஒரு தோஸ்த் கேட்டான். அனுபவசாலி என்றதும் கண்ணாடியில் போய் நரைமுடி தேடினேன். ஒன்று கிடைத்தது. சரி, தகுதி வந்துவிட்டது என்று எழுத உட்கார்ந்தேன்.

1. சில்வர் பேனா

நான் இருப்பது கிளிக்கிங் செக்ஷன், அதாவது தோலை வெட்டும் இடம். வெட்டுவதற்கு முன்னால் தோலை டேபிளில் விரித்து, கையால் தடவிப் பார்த்து, எங்கெங்கே தப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் சில்வர் பேனாவால் வட்டம் போடவேண்டும். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு, கழுத்துச் சுருக்கம். வட்டம் போட்ட இடத்தில் டை, அதாவது வெட்டுகிற இரும்பு அச்சு, விழக்கூடாது. அந்தத் துண்டு வேஸ்ட்டுக்குப் போய்விடும்.

முதல் நாள் ஆர்வக் கோளாறில் ஒரு முழுத் தோலுக்கும் வட்டம் போட்டு வைத்தேன். சூப்பர்வைசர் தேவராஜ் அண்ணன் வந்து பார்த்தார்.

"இன்னாடா இது, சிறுத்தைத் தோலா?"

"தப்பு இருக்குதுண்ணா."

"மாடு உயிரோட இருந்திருக்குதுடா. மேஞ்சிருக்குது, முள்ளுல உரசியிருக்குது. அது தப்பா?"

"அப்ப வட்டத்த அழிச்சிரட்டுமா?"

"அழிக்காத. பையர் கேட்டா தப்புதான்."

பையர் என்றால் நம் பையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர். அண்ணனின் அந்த ஒரு பேச்சில் தோல் தொழில் முழுக்க அடங்கியிருப்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தழும்பு ஜாஸ்தியாக இருக்கும் தோலை, தோல் பதனிடும் டேனரியில் மேலாகத் தேய்த்துச் சுரண்டி, சாயம் ஏற்றி, பிரஸ்ஸில் வைத்து, அதன்மேல் தோல் மாதிரியே புள்ளி புள்ளியாக ஒரு அச்சு அடிப்பார்கள். நிஜத் தோலின் முகத்தை எடுத்துவிட்டு, அதற்குத் தோல் வேஷம் போட்டுவிடுவது. அப்புறம் அது நல்ல கிரேடு. கடையில் எடுத்துப் பார்ப்பவர்கள் ஒரிஜினல் லெதர் என்று தடவி மகிழ்வார்கள். பொய் இல்லை, ஒரிஜினல்தான். முகம் மட்டும் வாடகை.

வேஸ்ட் துண்டுகளில் நான் படம் போடுவேன். பேனா கையில் இருக்கிறது, துண்டு காலடியில் கிடக்கிறது, வேறு என்ன செய்வது. உண்ணிப் புள்ளி கிடைத்தால் அது தேவராஜ் அண்ணனின் மச்சம். மீதி முகத்தை அதைச் சுற்றி வரைந்துவிடுவேன். முள் கீறல் கிடைத்தால் அது முதலாளி ஜமீல் பாயின் புருவம். பாய் ஒருநாள் தன் முகத்தைத் துண்டில் பார்த்துவிட்டார். செக்ஷனே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "மூக்கு ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். துண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் போனார்.

2. ஸ்டெப்னி

இது நடந்தது ஆர்டர் கம்மியாக இருந்த சமயம். தையல் ஹாலில் இரண்டு லைன் உண்டு. இரண்டாவது லைனை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த லைனில்தான் என் அக்கா சுமதி மிஷின் ஓட்டுகிறாள். லைன் நின்றதிலிருந்து அவள் பக்கத்து ஊரில் அடுத்தவர் நிலத்தில் கத்தரிக்காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். புது ஆர்டர் வந்தால் லைன் ஓடும். வராவிட்டால் மிஷின்களையே விற்றுவிடப் போவதாகப் பேச்சு இருந்தது.

பையர்களோடு மெயிலில் பேசி ஆர்டர் பிடிப்பவர் மெர்ச்சண்டைசர் ஷெரின் மேடம். பெங்களூரில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்து தெரியாது. அந்தச் சமயத்தில் ஒரு பையர், பையின் மூடியில் இந்தியக் கிராமத்து ஓவியம் மாதிரி ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருந்தார். மேடம் ஏஐயில் நாலு வரி டைப் செய்தார். டீ ஆறுவதற்குள் படம் வந்துவிட்டது. மலை, மலைக்குக் கீழே மூன்று ஆடு, ஒரு மரம். வேலூர் பக்கத்து அமிர்திக் காடு என்று மெயிலில் எழுதி அனுப்பினாராம். மலை உச்சியில் வெள்ளையாக உறைபனி இருந்தது. அமிர்தியில் பனி பார்த்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கவும்.

படத்தைத் தோலில் பிரின்ட் அடித்து, சாம்பிள் பை தைத்து அனுப்பினார்கள். பையருக்குப் பிடித்துவிட்டது. சாம்பிள் சீல் ஆகிவிட்டது, ஆர்டர் வருவதுதான் பாக்கி.

புதுப் பசங்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். சீல் சாம்பிள் என்றால், ஒரே மாதிரி இரண்டு பை. இரண்டிலும் பையர் கையெழுத்துப் போட்ட அட்டையைக் கட்டி சீல் வைப்பார்கள். ஒன்று அவர்களிடம் இருக்கும், ஒன்று நம் அலமாரியில் இருக்கும். அதற்கப்புறம் எத்தனை பை தைத்தாலும் அந்தப் பை மாதிரியே இருக்கவேண்டும். அதில் ஒரு தையல் கோணலாக இருந்தால் எல்லாப் பையிலும் அதே கோணல் வேண்டும். நீங்கள் நல்லவராக மாறி நேராகத் தைத்தால் ரிஜெக்ஷன்.

சீல் ஆன பிறகுதான், வெள்ளோட்டத்துக்காக, பிரின்ட் அடித்த தோல் என் டேபிளுக்கு வந்தது. விரித்தேன், தடவினேன். நடு ஆட்டின் மேல் என் கை தானாக ஒரு வட்டம் போட்டது. ஷெரின் மேடம் ஓடி வந்தார்.

"பிரபு, பிரின்ட் மேல எதுக்கு மார்க் பண்ண?"

"டிஃபெக்ட் மேடம்."

"எங்க?"

"நடு ஆடு. கால எண்ணிப் பாருங்க."

எண்ணினார். விரலை வைத்து மறுபடி எண்ணினார்.

"ஒன்னு வாலா இருக்கும்."

"வாலு மேல இருக்குது மேடம். இது தரையில நிக்குது. குளம்பு கூட இருக்குது."

மேடம் குனிந்து குளம்பைப் பார்த்தார்.

"பரவால்ல மேடம்," என்றேன். "மலைப் பாதை. ஸ்டெப்னி இல்லாம எப்படிப் போவும்?"

அவர் சிரிக்கவில்லை. நேராக ஜமீல் பாயிடம் போய், ஒரு காலை மட்டும் அழித்துவிடலாமா என்று கேட்டார். பாய் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"சீல் ஆன ஒன்ன தொடக்கூடாதும்மா. பத்து கால் இருந்தாலும் பத்தையும் அடி."

3. ஆர்ட்டிஸ்ட் யார்

பத்து நாள் போயிருக்கும். பாயே கிளிக்கிங் செக்ஷனுக்கு நடந்து வந்தார். பின்னால் ஷெரின் மேடம், கையில் லேப்டாப், முகத்தில் காய்ச்சல்காரர் களை.

"டேய் பிரபு. என் மூக்க பெருசா போட்டது நீதானே?"

"அது தோல்ல இருந்த சுருக்கம் பாய். நான் கூட்டல."

"பேஜார் பண்ணாத. ஆடு போடுவியா?"

"எத்தினி கால்ல?"

மேடம் மெயிலைப் படித்து விளக்கினார். அவர்கள் ஊரில் இப்போது எல்லாரும், இந்தப் படம் ஆள் போட்டதா, ஏஐ போட்டதா என்று கேட்டுத்தான் வாங்குகிறார்களாம். அதனால் கடையில் ஒவ்வொரு பையோடும் வரைந்தவரைப் பற்றி நாலு வரி வைக்கப்போகிறார்களாம். வரைந்தவரின் ஒரிஜினல் பேப்பர் வேண்டும், அவர் வரைகிற போட்டோ வேண்டும், ஏஐ தொடவில்லை என்று எழுதிய கையெழுத்து வேண்டும். அந்தப் பையர் ஒரு பெண்மணி, எங்களுக்குப் பையர் அம்மா. அவரே நேரில் வந்து ஆர்ட்டிஸ்ட்டைப் பார்க்கப்போகிறார்.

"நெஜத்த சொல்லிட்டா இன்னா பாய்?" என்று கேட்டேன்.

பாய் தையல் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது லைன் மிஷின்கள் துணி மூடி நின்றன.

"சொல்லலாம். ஆர்டர் போய்டும். அந்த லைன் போய்டும். அப்பால நீயே போயி உங்கக்காகிட்ட உண்மையோட பெருமைய சொல்லு."

என் வாயை அடைத்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே கம்மி. அன்றைக்குப் பாய் அடைத்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். கத்தரிச்செடி முள் குத்திய விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ வாய மூடிக்கினு நின்னா போதும்டா. அது ஒன்னுதான் உனக்கு வராது."

"அக்கா, அது நான் போடாத படம். என் பேர போடச் சொல்றாங்க."

"நான் தைக்கிற பை மேல இன்னா என் பேரா இருக்குது? எவன் பேரோ தங்க எழுத்துல இருக்குது. அவன் ஒரு ஊசி நூல் கோத்திருப்பானா? நான் என்னிக்காவது சண்டைக்குப் போனனா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அன்றைக்கு இரண்டாவது தடவை.

4. ஒரிஜினல் தயாரிக்கும் முறை

மறுநாள் சாம்பிள் ரூமில் ஒரு டேபிள், பென்சில், பேப்பர் எல்லாம் வைத்தார்கள். கண் முன்னால் சீல் வைத்த பை. டீ ஆறும் நேரத்தில் ஏஐ மிஷின் போட்டதை நான் மூன்று நாள் பார்த்துப் போட்டேன். மலை வந்தது, பனி வந்தது, மரம் வந்தது. ஆடுதான் தகராறு. நாலு கால் போட்டதும் கை நின்றுவிடும். ஐந்தாவதற்குப் பென்சில் இறங்காது. சின்ன வயதிலிருந்து ஆட்டைப் பார்த்த கை அது, அதற்குக் கம்பெனி விதி புரியவில்லை.

"இன்னும் ஒன்னு," என்பார் மேடம், தலைக்கு மேல் நின்று.

"மனசு வரல மேடம்."

"மனசெல்லாம் வேணாம், சீல் சாம்பிள பாரு."

போட்டு முடித்ததும் இன்னொரு பிரச்சினை. பேப்பர் புதுசாகப் பளிச்சென்று இருந்தது. பல நாள் யோசித்து வரைந்த மாதிரி இல்லை. எங்கள் ஃபினிஷிங் செக்ஷனில் புதுத் தோலை மெழுகு தேய்த்துக் கசக்கிப் பழசாக்குவார்கள். ஆன்டிக் ஃபினிஷ் என்று பெயர். அதே வைத்தியத்தைப் பேப்பருக்கும் செய்தோம். அங்கங்கே ரப்பர் வைத்து அழித்தோம். ஓரத்தைக் கசக்கினோம். யோசித்த மாதிரி தெரியவேண்டும் என்று மூன்று கால் ஆடு ஒன்று, தலையில்லாத ஆடு ஒன்று என்று தனித்தனி பேப்பரில் தோல்விகளைத் தயாரித்தோம். பாய் தன் டீ டம்ளரை ஒரு மூலையில் வைத்து எடுத்தார். வட்டமாகக் கறை விழுந்தது.

"போதுமா? இன்னொன்னு வெக்கட்டுமா?"

"போதும் பாய். ரெண்டு வெச்சா ஆர்ட்டிஸ்ட்டுக்கு சுகர் வந்துரும்."

போட்டோவுக்கு வேட்டி கட்டச் சொன்னார் மேடம். நான் வேட்டி கட்டியது அக்கா கல்யாணத்தில் ஒரு தடவைதான், அதுவும் பெல்ட் போட்டு. ஜீன்ஸ் தெரியாமல் இடுப்புக்கு மேலே எடுத்தார்கள்.

கையெழுத்துப் போடவேண்டிய உறுதிமொழியை மேடம் இங்கிலீஷில் பிரின்ட் எடுத்து வந்தார். அழகாக இருந்தது.

"நீங்க எழுதினதா மேடம்?"

அவர் வேறு பக்கம் பார்த்தார். ஏஐ பயன்படுத்தவில்லை என்ற உறுதிமொழியை ஏஐயிடமே எழுதி வாங்கியிருந்தார். அதுவும் கொஞ்சமும் கூச்சப்படாமல் எழுதிக் கொடுத்திருந்தது.

5. பையர் அம்மா வந்தார்

கம்பெனி சுறுசுறுப்பாகத் தெரியவேண்டும் என்று இரண்டாவது லைன் பெண்களை அன்றைக்கு மட்டும் வரச் சொல்லி மிஷினில் உட்கார வைத்திருந்தார்கள். வேலை இல்லை. வெறும் தோல் துண்டைத் தைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாம்பிள் ரூம் கண்ணாடி வழியாக எனக்கு நேரே அக்கா தெரிந்தாள்.

பையர் அம்மா உயரமானவர். நல்ல மனுஷி, அதைச் சொல்லிவிடவேண்டும். வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சில்வர் மை அப்பியிருந்ததை போட்டோ எடுத்துக்கொண்டார். பேப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அழித்த இடத்தை விரலால் தடவினார். பாயின் டீக் கறையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நடு ஆட்டின் மேல் விரல் வைத்து ஏதோ கேட்டார்.

"ஏன் அஞ்சு கால்னு கேக்கறாங்க," என்றார் மேடம். அவர் குரல் பாதி காணோம்.

என் வாயில் மூன்று பதில் வந்து நின்றன. மூன்றும் நல்ல பதில்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தையலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். மூன்றையும் விழுங்கினேன்.

மேடம் தானாகவே இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். பையர் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆடு நடந்துட்டே இருக்கு. அதனால ஒரு கால் ரெண்டு தடவ தெரியுதுன்னு சொன்னேன்."

"சூப்பரா இருக்குதே மேடம். எனக்கே தோணலியே."

"உனக்குத் தோணிச்சுன்னுதான் சொல்லியிருக்கேன்."

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பையர் அம்மா என்னை இப்போதே ஒரு ஆடு வரையச் சொன்னார். எதில் வேண்டுமானாலும். நான் போய் வேஸ்ட் பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தேன். நீளமாக ஒரு முள் கீறல் இருந்தது, ஓரத்தில் ஒரு உண்ணிப் புள்ளி. கீறலை ஆட்டின் முதுகாக்கினேன். புள்ளி கண்ணாயிற்று. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற குட்டி. முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாலு கால். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஒரு கோடு என் கையிலிருந்து இறங்கியதில்லை. பாய் எட்டிப் பார்த்து "மாஷா அல்லா" என்றார், வியாபாரத்தை மறந்து.

பையர் அம்மா துண்டை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு மேடத்திடம் மெதுவாகப் பேசினார். மேடம் மொழிபெயர்க்கவில்லை.

"சொல்லுங்க மேடம்."

"விடு பிரபு."

"சொல்லுங்க."

"ரொம்ப கரெக்டா இருக்காம். உயிர் இல்லையாம். மிஷின் போட்ட மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. அந்த அஞ்சு கால்லதான் மனுஷன் தெரியறானாம்."

நான் சிரித்தேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும். பையர் அம்மா துண்டை டேபிளில் வைத்துவிட்டார்.

அடுத்து உறுதிமொழி. மேடம் பிரின்ட்டை நீட்டினார். பையர் அம்மா படித்தார், தலையை ஆட்டினார், மடித்து ஓரமாக வைத்தார். இது மிஷின் எழுதின மாதிரி இருக்கிறது என்றாராம். அன்றைக்கு அவர் சரியாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். படத்தைப் பற்றி உன் மொழியில், உன் கையால், இரண்டு மூன்று வரி எழுது என்றார்.

ரூமைச் சுற்றிப் பார்த்தேன். ஜமீல் பாய்க்கு வீட்டில் உருது, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். தமிழ் பேசுவதில் என்னையே தோற்கடிப்பார், படிப்பது பஸ் போர்டு வரைக்கும்தான். மேடத்துக்கு அதுவும் இல்லை. சாம்பிள் ரூமில் தைப்பவர் பீகார்க்காரர். தேவராஜ் அண்ணன் கிளிக்கிங்கில் இருந்தார். அந்த ரூமில் தமிழ் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்.

எழுதினேன்.

பிரபு எழுதறது.
இந்தப் படத்தைப் போட்டது நான்

அங்கே வரி முடிந்துவிட்டது. பேனாவும் நின்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாருக்கும் நல்லது. என் நாலு கால் குட்டி டேபிளில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. மூன்றாவது வரியை எழுதினேன்.

இல்லை. மிஷின்.

"என்ன எழுதின?" என்றார் மேடம்.

"படம் போட்டது யாருன்னு எழுதியிருக்கேன் மேடம்."

அதையே அவர் இங்கிலீஷில் சொன்னார். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அந்த அட்டை ஏதோ ஒரு ஃபைலில் போய்த் தூங்கும் என்று நினைத்தேன். பையர் அம்மாவுக்கு என் கையெழுத்து ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்று வரியையும் அப்படியே, அதே கோணலோடு, தோல் துண்டில் அச்சு அடித்து ஒவ்வொரு பைக்குள்ளும் வைத்துத் தைக்கவேண்டும் என்றார். டேனரியில் பொய்த் தோல்முகம் அடிக்கிற அதே மாதிரி பிரஸ்ஸில் என் எழுத்தும் ஏறியது. இரண்டு நாளில் அச்சு தயாராகி, புதுச் சாம்பிளில் அவர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஒரு பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த இரண்டு நாளும் நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை. தேவராஜ் அண்ணன் காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

6. அக்கா படித்தாள்

ஆர்டர் வந்தது. இரண்டாவது லைன் மிஷின்களின் துணியை எடுத்தார்கள். உள்ளே வைக்கும் தோல் துண்டை லைனிங்கோடு சேர்த்துத் தைக்கும் வேலை அக்காவுடையது. முதல் துண்டைக் கையில் எடுத்தவள் மிஷினில் வைக்காமல் பார்த்தாள். பக்கத்து மிஷின்காரியிடம் காட்டினாள். அவள் அடுத்தவளிடம். கொஞ்ச நேரத்தில் லைன் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கியது. மிஷின் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு ஆபீஸ் ரூம் வரைக்கும் போய், பாய் வந்துவிட்டார்.

"இன்னா, சினிமா ஓடுதா?"

எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுமதி, நீ சொல்லும்மா."

"உங்க ஆர்ட்டிஸ்ட்ட கேளுங்க பாய்."

என்னைக் கூப்பிட்டார்கள். பாய் துண்டை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் அதேதான் இருந்தது.

"இது எத்தினி பைல இருக்குது?"

"எல்லாத்துலயும் பாய்."

பாய் மேடம் பக்கம் திரும்பினார். "மாத்தும்மா."

"சீல் ஆயிடுச்சு சார்."

"மெயில் போட்டு மாத்து."

"எதுக்கு மாத்தறீங்கன்னு கேப்பாங்க சார்."

"எழுத்து சரியில்லன்னு சொல்லு."

"அப்ப என்ன எழுதியிருக்குன்னு கேப்பாங்க. அத சொல்லணும்."

லைனில் ஒரு மிஷினும் ஓடவில்லை. அக்காவின் கை மிஷின் சக்கரத்தின் மேல் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் லைனையே இழுத்து மூடிவிட்டேன் என்று நினைத்தேன். இத்தனை நாள் பண்ணிய கிண்டலுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் பதில் வந்துவிட்டது.

பாய் துண்டை வாங்கி அச்சு எழுத்தின்மேல் கட்டை விரலை ஓட்டினார், தோல் கிரேடு பார்ப்பது போல.

"அந்த ஆட்டுக்கு ஒரு கால அழிக்கலாம்னு நீ கேட்டப்ப நான் இன்னா சொன்னேன்?"

மேடம் தயங்கினார். "சீல் ஆன ஒன்ன தொடக்கூடாதுன்னு சொன்னீங்க சார்."

"பத்து கால் இருந்தாலும்?"

"பத்தையும் அடிக்கச் சொன்னீங்க."

பாய் துண்டை அக்காவின் மிஷின்மேல் வைத்தார். "தைங்க," என்றார். நாலு எட்டு நடந்து திரும்பினார்.

"டேய், உன் எழுத்து கோணலா இருக்குது."

"அதையும் சேத்துதான் சீல் பண்ணியிருக்காங்க பாய்."

அக்கா சக்கரத்தைச் சுற்றினாள். மிஷின் ஓடியது.

7. ரிஜெக்ஷன்

அனுப்புவதற்கு முன்னால் பையர் சார்பில் சென்னையிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். வாய் பேசாத மனிதர். சீல் சாம்பிளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, தைத்த பைகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கால்களை எண்ணினார். ஐந்து. டிக். பையைத் திறந்து உள்ளே பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பது அவர் கண் நின்றதிலேயே தெரிந்துவிட்டது.

"பிரபு யாரு?"

"நான்தான் சார்."

என்னை ஒரு தடவை பார்த்தார். சீல் சாம்பிளில் இருக்கும் மூன்று வரியைப் பார்த்தார். பையில் இருக்கும் மூன்று வரியைப் பார்த்தார்.

"மேட்ச் ஆகுது," என்று சொல்லி டிக் போட்டார்.

அவ்வளவுதான். வெளியாட்களில் உண்மையைப் படித்த ஒரே மனிதருக்கு, அது சாம்பிள் மாதிரி இருக்கிறதா என்பது மட்டும்தான் வேலை.

சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு பையை மட்டும் ஒதுக்கி வைத்தார். வைத்த காரணம்: உள் துண்டு ஒழுங்காகத் தைக்கவில்லை. லைனிங் மேலேறி, மூன்றாவது வரி முழுக்கத் தையலுக்குள் போய்விட்டது. சாம்பிள் மாதிரி இல்லை. ரிஜெக்ட்.

எடுத்துப் பார்த்தேன். பிரபு எழுதறது. இந்தப் படத்தைப் போட்டது நான். அதோடு முடிந்தது.

சிவப்பு டேக் கட்டி அந்தப் பையை மூலையில் எறிந்தார்கள். ரிஜெக்ட் பையை வேலை செய்பவர்கள் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். நான் கேட்டேன். பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி வருஷமா மிஷின் ஓட்டற, உனக்கு மடிப்பு தவறுமா?" என்று கேட்டேன்.

"நூல் சிக்கிக்கிச்சு," என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு பைல மட்டுமா?"

"ஏன், ரெண்டா வேணும் உனக்கு?"

பாடம் என்று ஒன்று எழுதவேண்டுமாம். எழுதுகிறேன். தம்பிகளே, தங்கைகளே, கால்களை சீல் வைப்பதற்கு முன்னால் எண்ணுங்கள். அப்புறம் நீங்கள் கண்டுபிடிக்கும் தப்புக்கும் மதிப்பு இல்லை, சொல்லும் உண்மைக்கும் இல்லை. இரண்டையும் ஒரே அளவில் தைத்து, ஒரே பெட்டியில் போட்டு, ஒரே கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

அந்தப் பையில்தான் இப்போது தினமும் சாப்பாடு எடுத்துப் போகிறேன். உள்ளே டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் முள் கீறல் போட்ட ஒரு வேஸ்ட் துண்டு இருக்கிறது, நாலு கால் குட்டியோடு. அன்றைக்குப் பையர் அம்மா அதை டேபிளிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். சிவப்பு டேக்கை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.